ஷோர்ட்கட்டாக மாறிய கோப்புறைகளும் இலவச அன்ரிவைரசும்: அனுபவப் பகிர்வு

மாங்குளத்திலிருந்து:
அப்பாவின் ஒரே படத்தின் மூலப்பிரதி இடப்பெயர்வின்போது ஈரத்தில் அழிந்துவிட்டதால், முன்பே ஸ்கேன் செய்த பிரதியைக் காணி அனுமதிப்பத்திரத்தோடு பென் டிரைவில் வைத்திருந்தோம். ஒரு கடையில் பிரதி எடுத்து வந்து கணினியில் செருகியபோது, கோப்புறைகள் யாவும் மூலையில் சிறிய அம்புக்குறியோடு நின்றன. அவை உண்மையான கோப்புறைகள் அல்ல, வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழிக் குறிகளான ஷோர்ட்கட்டுகள். இலவச அன்ரிவைரஸ் உடனே அவற்றை அழித்தது. பிறகு திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. திருத்த வந்தவர், பென் டிரைவில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும் ஃபோர்மட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிக்கொண்டே மவுசைப் பிடித்தார். பின்னால் நின்ற அம்மா, "பொறுங்கோ தம்பி, அதுக்குள்ள இவர் இருக்கிறார்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஒன்றும் தெரியாவிட்டாலும் பென் டிரைவில் இடம் நிரம்பியே இருந்தது. மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கி, இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவிலிருந்த சரிக்குறியையும் எடுத்தவுடன், கோப்புறைகள் மங்கிய நிறத்தில் வந்து நின்றன. வைரஸ் அவற்றை அழிக்கவில்லை. ஒளித்துவிட்டுத் தன் ஷோர்ட்கட்டை முன்னே வைத்திருந்தது. அன்ரிவைரஸ் அந்த வைரசை அகற்றியது, ஒளித்தவற்றை வெளியே எடுத்துத் தரவில்லை. இதை அறியாமல் எத்தனை வீடுகளில் ஃபோர்மட் அடித்திருப்பார்களோ!

புதுக்குடியிருப்பிலிருந்து:
மேலே எழுதியவர் எந்த அன்ரிவைரஸ் என்று சொல்லாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியப்பா வீட்டுக் கணினியில் இரண்டை நிறுவியிருந்தார்கள். இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் சோதித்துக்கொண்டிருந்ததால், தங்கை தன் உயர்தரச் செயற்றிட்ட அறிக்கையைத் திறக்க முடியாமல் அழுதுவிட்டாள். இலவசம் என்பதற்காக எதையும் நம்பிவிடவும் கூடாது. இலவச அன்ரிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனாளர்களின் இணைய உலாவல் தரவை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்ற விவகாரத்தில், 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்துமாறு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024இல் பணித்தது. விண்டோஸ் 8 முதல் மைக்ரோசொஃப்டின் சொந்த அன்ரிவைரசான டிஃபென்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கு அதுவே போதும்.

வவுனியாவிலிருந்து:
போதும் என்று அவ்வளவு எளிதில் முடித்துவிடாதீர்கள். துணுக்காயில் அக்கா வீட்டுக் கணினிக்குக் கைத்தொலைபேசி டேட்டாதான் இணையம், அதுவும் எப்போதாவதுதான். டிஃபென்டர் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட திகதி பல மாதங்களுக்கு முந்தையதாக இருந்தது. அதன் எச்சரிக்கைக் குறியை எவரும் பொருட்படுத்தவில்லை. இத்தகைய வீடுகளுக்காகவே, புதுப்பிப்பைத் தனிக் கோப்பாகத் தரவிறக்கும் வசதியை மைக்ரோசொஃப்ட் தன் தளத்தில் வைத்திருக்கிறது. இணையமுள்ள இடத்தில், உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து அதை இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் இயக்கலாம். கடைக்குக் கொடுக்கவென்று வேறொரு பென் டிரைவை ஒதுக்கி, தேவையான கோப்பை மட்டும் அதில் போடுங்கள். திரும்பி வந்ததும் திறப்பதற்கு முன், அதன்மேல் வலது கிளிக் செய்து டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள்.