"சட்டத் திருடர்" பதிவை நீக்கலாமா? – ரஷ்யக் குற்ற உலகச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், ரஷ்யக் குற்ற உலகின் உச்சத் தகுதியான "வோர் வ் ஸகோனெ" என்பதற்கு நேராகச் "சட்டத் திருடர்" என்று இருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலைத் திட்டுவது போல ஒலிக்கிறது. வோர் என்றால் திருடர், ஸகோன் என்றால் சட்டம். ஸகோனெ அதன் வேற்றுமை வடிவம், நம் ஏழாம் வேற்றுமை மாதிரி. "சட்டத்துக்குள் நிற்கிற திருடர்" என்று பொருள். அந்தச் சட்டமும் அரசுடையது அல்ல. 1920, 30களின் சோவியத் முகாம்களில் திருடர்கள் தங்களுக்கென்று வகுத்துக்கொண்டது. அரசு வேலை கூடாது, ராணுவம் கூடாது, குடும்பம் கூடாது, சிறை நிர்வாகத்துக்கு ஒத்தாசை கூடாது, பொதுப்பணத்துக்குப் பங்கு தர வேண்டும். இவற்றுக்குக் கட்டுப்பட்டவரே வோர்.

"நெறிக்கள்வர்" என்று மாற்றலாமா?

ம.

---

> "நெறிக்கள்வர்" என்று மாற்றலாமா?

வேண்டாம் ஐயா. நெறி என்றதும் அறம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஏழைக்குக் கொடுக்கிற நல்ல திருடன் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். "முறைத்திருடர்" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். முறைமாமன், முறைப்பெண் வரிசையில் போய் உட்காரும், அதுவும் ஆகாது.

ஸகோன் என்பதற்கு இங்கே ஒத்துவருவது கட்டுப்பாடுதான். ஊர்க்கட்டுப்பாடு என்கிறோமே, அதே பொருளில். எழுதி வைத்தது இல்லை, கூடிப் பேசித் தீர்ப்பது, மீறினால் தள்ளிவைப்பது. ஆனால் "கட்டுப்பாட்டுத் திருடர்" என்றால் குடும்பக் கட்டுப்பாடு நினைவுக்கு வரும். ஆகவே விதித்தொகுப்பைக் "கள்வர் கட்டுப்பாடு" என்போம். ஆளுக்கு வேறு சொல் வேண்டும்.

ஒருவர் எப்படி வோர் ஆகிறார் என்று பாருங்கள். திருடுவதால் மட்டும் ஆக முடியாது. ஏற்கெனவே வோராக இருப்பவர்கள் பரிந்துரைக்க வேண்டும். "ஸ்ஹோத்கா" என்ற கூட்டத்தில் ஒப்புதல் கிடைக்க வேண்டும். பிறகு செய்தி சிறைகளுக்குச் சீட்டில் போகும். இந்தச் சடங்குக்கு ரஷ்யரே முடிசூட்டு என்றுதான் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டை மீறினால் முடி பறிபோகும். தமிழில் பட்டம் கட்டுவது, பட்டத்தைப் பறிப்பது என்ற வழக்கு தயாராக இருக்கிறது. "பட்டத்திருடர்" சரிவருமா?

க.

---

"பட்டம்" நல்ல பிடி. "திருடர்" பகுதியைக் கொஞ்சம் யோசிக்கலாம். "கள்ளர்" கூடவே கூடாது. அது ஒரு சமூகத்தின் பெயர், குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அவர்கள் பட்ட காயமும் உண்டு. கலைச்சொல் பட்டியலில் அதைக் கிளறக் கூடாது. "கள்வர்" பழைய சொல், அன்றாடப் பேச்சில் இல்லை. அதனாலேயே தனிப்பொருள் ஏற்றத் தோதானது.

இன்னொரு சோதனை. ஜார்ஜியாவில் 2005 டிசம்பர் சட்டத்தின்படி வோராக இருப்பதே குற்றம். தன் பட்டத்தை மறுக்கக் கூடாது என்பது கள்வர் கட்டுப்பாடு. போலீஸ் "நீ வோரா?" என்று கேட்டால் ஆம் என்றால் சிறை, இல்லை என்றால் பட்டம் போச்சு. ரஷ்யாவும் 2019இல் குற்றவியல் சட்டத்தில் 210.1 பிரிவைச் சேர்த்தது: குற்ற அடுக்கின் உச்சியில் இருப்பதற்கே 8 முதல் 15 ஆண்டு. நம் சொல் இந்தக் கேள்விபதிலில் நிற்க வேண்டும். "நான் பட்டத்திருடர்" என்றால் சிரிப்பு வருகிறது. "பட்டக்கள்வர்" என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த வரிகளில் "கள்வர்" என்று சுருக்கலாம். ரஷ்யரும் பேச்சில் வெறும் வோர் என்றுதான் சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. வோர் ஒரு தகுதி, கும்பல் அல்ல. 2013 ஜனவரியில் மாஸ்கோவில் சுடப்பட்ட அஸ்லான் உசொயான் பட்டக்கள்வர். ஆனால் யெகத்தெரின்பூர்கின் உரால்மாஷ் கும்பல் விளையாட்டு வீரர்களிலிருந்து வந்தது. பச்சை குத்திய பழைய சிறைவாசிகளோடு மோதி வளர்ந்தது. இரண்டையும் "ரஷ்ய மாஃபியா" என்று ஒரே சாக்கில் போட்டால் மொழிபெயர்ப்பு அங்கேயே கெட்டுவிடும்.

கும்பல் பெயர்களிலும் கவனம் தேவை. ரஷ்ய மொழியில் அவற்றின் ஈற்றில் வரும் "ஸ்கயா" என்பது பெயரடை விகுதி, அதைத் தமிழில் இழுத்து வர வேண்டாம். மாஸ்கோவின் தென்மேற்கில் இருக்கும் பகுதியின் பெயரால் வந்தது சோன்ட்செவோ கும்பல் (எழுத்தில் "ல்" உண்டு, உச்சரிப்பில் இல்லை). உரால்மாஷ், ஆலையின் பெயரும் அதைச் சுற்றிய குடியிருப்பின் பெயரும். ஆனால் தம்போவ் கும்பலைத் தம்போவில் தேடினால் கிடைக்காது! அதன் களம் பீட்டர்ஸ்பர்க். தொடங்கியவர்கள் தம்போவ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே "தம்போவ்காரர் கும்பல்" என்றுதான் எழுத வேண்டும். "காரர்" விகுதி அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது.

சட்ட ஆவணமென்றால் "கும்பல்" போதாது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு நான்கு படி வைக்கிறது: ஆட்கள் சேர்ந்தது, முன்கூட்டிப் பேசிச் சேர்ந்தது, அமைந்த குழு, குற்றச் சமூகம். தண்டனை படிக்குப் படி மாறுவதால் நான்குக்கும் ஒரே சொல்லைப் போட்டால் தீர்ப்பே தப்பாகப் படிக்கப்படும். கடைசி இரண்டுக்கு "ஒருங்கமைந்த குழு", "குற்றக் கூட்டமைப்பு".

சு.

---

பட்டக்கள்வர், ஏற்கிறேன். மீதி மூன்று சொற்கள்.

கிரிஷா: நேர்ப்பொருள் கூரை. "பாதுகாப்புப் பணம்" என்று எழுதுகிறார்கள், தவறு. கிரிஷா பணம் அல்ல, பணம் வாங்கிக்கொண்டு தொழிலுக்குக் காவலாக மேலே நிற்கிற ஆள். 1988 மே மாதக் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் தனியார் தொழில் கிளம்பியது. கடன் வசூலிக்க, ஒப்பந்தத்தை நிறைவேற்ற, நம்பத்தக்க நீதிமன்றம் இல்லை. அந்த வேலையையும் கூரைதான் செய்தது. பிற்பாடு போலீசாரே கூரை ஆனார்கள். "போலீஸ் கூரை" என்று எழுத முடிகிறதா? முடிகிறது. "போலீஸ் பாதுகாப்புப் பணம்" என்றால் குழப்பம். ஆகவே ஆளுக்குக் கூரை, அவருக்குக் கொடுப்பதற்குக் கூரைக்கூலி. "மாமூல்" வேண்டாம், அது கண்டும் காணாமல் இருப்பதற்கான விலை, கூரைக்கோ வேலை உண்டு.

அப்ஷாக்: கள்வர்கள் பங்கு போடுகிற பொதுப்பணம். "மகமை" அமைப்பால் மிக நெருக்கம், ஆனால் வணிகச் சமூகங்கள் பள்ளி கட்டிய பணத்தின் பெயரை இதற்குக் கொடுப்பது அநியாயம். "உண்டியல்" எனில் ஹவாலாவோடு கலந்துவிடும். "பொதுக்காசு" போதும், சிறையில் இருப்பவருக்கும் வெளியே அவர் ஆட்களுக்கும் செலவாவது அதுதான்.

"சூச்சியா வய்னா" பாக்கி. போரில் அரசுக்காக ஆயுதம் எடுத்தவர்களைக் கள்வர்கள் "பெட்டை நாய்" என்று ஒதுக்க, 1945க்குப் பின் முகாம்களில் நடந்த கொலைச் சண்டை. "நாய்ச்சண்டை" என்றால் தெருவில் நடப்பது. "துரோகிப் போர்" எனலாம். ஆனால் ஈழத்து வாசகருக்கு அந்தச் சொல்லின் கனம் வேறு. யாராவது வேறு சொல் தந்தால் அடுத்த திருத்தத்தில் சேர்க்கிறேன், அதுவரை அந்தக் கட்டம் காலி.

ம.