இந்த வாரத்துக்குள் வங்கிக் கணக்கு வேண்டும்: எந்த வகையைத் திறப்பது?

லெஸ்டருக்குப் புதியவன்:
அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். வங்கிக் கணக்கு விவரத்தை இந்த வாரத்துக்குள் தராவிட்டால் இம்மாதச் சம்பளப் பட்டியலில் என் பெயர் இடம்பெறாது என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள். வங்கிகளின் இணையதளங்களில் பார்த்தால் அடிப்படைக் கணக்கு, சாதாரண நடப்புக் கணக்கு, மாதக் கட்டணத்தோடு காப்பீடுகளும் சேர்ந்த கணக்கு, மாணவர் கணக்கு என்று வரிசையாக இருக்கின்றன. ஒரு கிளைக்கு நேரில் சென்றபோது முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்த பணம் கரைந்துகொண்டிருக்கிறது. எந்த வகை நல்லது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

கோவென்ட்ரிவாசி:
குடும்பத்தோடு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கட்டணக் கணக்கை ஒதுக்கிவிடாதீர்கள். பயணக் காப்பீடு, கைப்பேசிக் காப்பீடு, வழியில் கார் நின்றுவிட்டால் கிடைக்கும் உதவி ஆகிய மூன்றையும் தனித்தனியே வாங்குவதைவிட, பிள்ளைகளோடு ஆண்டுதோறும் சென்னைக்குச் சென்றுவரும் எங்களுக்கு அதுவே கட்டுப்படியாகிறது. பயணக் காப்பீடு ஐரோப்பாவுக்கு மட்டுமா, உலகம் முழுவதற்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டூட்டிங் அண்ணன்:
தம்பி, நான் வந்த காலத்தில் வாடகையைக் காசாக வாங்கிய வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதமும் எழுதித் தரமாட்டார். மின்கட்டணச் சீட்டு அவர் பெயரில் வரும். சீட்டு இல்லாதவனுக்குக் கணக்குக் கிடையாது, கணக்கு இல்லாதவன் பெயருக்குச் சீட்டும் வராது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கடை முதலாளி உறையில் போட்டுத் தந்த சம்பளத்தைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு உறங்கினேன். ஆகவே செயலியில் மட்டும் இருக்கிற வங்கிகளை நம்பாமல், கதவும் மனிதரும் உள்ள கிளைக்கே மறுபடி போங்கள். அதுவரை சம்பளத்தை நம்பிக்கையான கூட்டாளி ஒருவரின் கணக்கில் போடச் சொல்லலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சமாளித்தோம்.

மான்செஸ்டர் கணக்காளர்:
அண்ணன் மன்னிக்க வேண்டும், அந்தக் கடைசி யோசனை இன்று ஆபத்தானது. பிறர் பணம் ஒருவரின் கணக்கு வழியாகப் போவதைக் கண்டால் வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கலாம். சிஃபாஸ் என்னும் மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டாலோ அது 6 ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். செயலி வங்கியைப் பற்றிச் சொன்னதும் சரியல்ல. உரிமம் பெற்ற வங்கியாக இருந்தால், கிளை உள்ள வங்கிக்குக் கிடைக்கும் அதே வைப்புக் காப்புறுதி அதற்கும் உண்டு, அதாவது வங்கி நொடித்தாலும் நம் பணம் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும். முன்பு 85,000 பவுண்டாக இருந்த அந்த வரம்பு 2025 டிசம்பர் 1 முதல் 120,000 பவுண்டாகியிருக்கிறது. வங்கி உரிமம் இல்லாமல் பணத்தை மின்வடிவில் வைத்திருந்து செலுத்தித் தரும் மின்பண நிறுவனங்களின் கணக்குகளுக்குத்தான் இந்தக் காப்புறுதி இல்லை. செயலியின் தோற்றத்தை வைத்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது என்பதால், உரிமத்தைப் பார்த்துவிட்டே திறக்க வேண்டும்.

ஹாரோ அக்கா:
கிளைக்குப் போகச் சொல்கிறீர்கள், கிளை எங்கே இருக்கிறது? எங்கள் கடைவீதியில் இருந்ததை மூடிக் காப்பிக் கடையாக்கிவிட்டார்கள். தொலைபேசியில் அழைத்தால் பாட்டைப் போட்டுவிட்டு நம்மை மறந்துவிடுகிறார்கள்.

டூட்டிங் அண்ணன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். செயலி திறக்கத் தெரியாத என் மாமியார் தமது ஓய்வூதியத்தைப் பார்க்க என் மகளைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

லெஸ்டருக்குப் புதியவன்:
அனைவருக்கும் நன்றி. நான் முதுகலை படிக்கத் தனியாக வந்திருக்கிறேன். வேலை என்பது ஒரு பல்பொருள் அங்காடியில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு உட்பட்டது. நால்வர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், மின்சாரமும் தண்ணீரும் வாடகையிலேயே அடங்கிவிடுவதால், என் பெயரில் எந்தச் சீட்டும் வருவதில்லை. மாணவர் கணக்கில் வட்டியில்லா மிகைப்பற்று, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் பணம் எடுக்கும் வசதி, உண்டாமே, அதை எடுக்கலாமா?

செல்லி ஓக் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கோவென்ட்ரி அண்ணன் காருக்குக் காப்பீடு தேடியிருக்கமாட்டார், தம்பி. நாளைக் காலையில் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை அலுவலகத்துக்குச் சென்று, வங்கிக் கணக்குத் திறப்பதற்கான கடிதம் வேண்டுமென்று கேளுங்கள். நீங்கள் படிப்பதையும் உங்கள் இங்குள்ள முகவரியையும் உறுதிசெய்து தருவார்கள். பல வங்கிகள் அதையே முகவரிச் சான்றாக ஏற்கின்றன. அதோடு கடவுச்சீட்டையும், மின்விசாவை வங்கி இணையத்தில் சரிபார்க்க உதவும் பகிர்வுக் குறியீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டியில்லா மிகைப்பற்றுள்ள மாணவர் கணக்கு பெரும்பாலும் இந்நாட்டில் குறைந்தது 3 ஆண்டுகள் வாழ்ந்த இளங்கலை மாணவருக்கு உரியது. அதற்கு விண்ணப்பித்தால் இந்த வாரம் வீணாகும். கட்டணக் கணக்கு உங்களுக்குத் தேவையே இல்லை. சாதாரண நடப்புக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். கடன் வரலாறு இல்லையென்று மறுத்தால், அடிப்படைக் கணக்கை நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர்களாக அதை எடுத்து நீட்டுவது அரிது. நாட்டின் 9 பெரிய வங்கிகள் அதைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்ற சட்டக் கடமை 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்பளம் வரும், பற்று அட்டை கிடைக்கும், மாதக் கட்டணங்கள் கணக்கிலிருந்து தாமாகவே கழியும் டைரக்ட் டெபிட்டும் அமைக்கலாம்; பணமில்லாமல் டைரக்ட் டெபிட் திரும்பினால் அபராதமும் கிடையாது. மிகைப்பற்று இல்லையே என்று வருந்தாதீர்கள், பல வங்கிகளில் அதற்கு ஆண்டு வட்டி 40 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பின்னர் வேறு வங்கி பிடித்தால், கணக்கு மாற்றுச் சேவை 7 வேலை நாட்களில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கும்.

மான்செஸ்டர் கணக்காளர்:
இன்னொன்று: இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இங்கே வாக்காளர் பட்டியலில் சேரலாம், கடன் வரலாறு உருவாக அது உதவும்.

லெஸ்டருக்குப் புதியவன்:
என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. பல்கலைக்கழகப் பதிவிலோ அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்திருக்கிறார்கள். வங்கிக்கு எதைக் கொடுப்பது?

செல்லி ஓக் அக்கா:
கடவுச்சீட்டில் உள்ளதை அப்படியே கொடுங்கள். கடிதத்திலும் பெயரை அதற்கேற்பத் திருத்தித் தரும்படி அலுவலகத்திலேயே கேளுங்கள். வேலையிடத்துக்கும் அதே எழுத்துகளில் எழுதிக் கொடுங்கள். கணக்குத் திறந்ததும் 6 இலக்கக் கிளைக் குறியீட்டையும் 8 இலக்கக் கணக்கு எண்ணையும் சம்பளப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். அட்டை தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.