புதுப்பிப்பு: புதுச்சேரியில் பழைய ஆர்கேட் பெட்டி, என்ன விலைக்குப் போனது?

தானாக ரீசெட் ஆகும் ஆர்கேட் பெட்டியை (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) அப்படியே விற்பதா, சரிசெய்து விற்பதா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. சரிசெய்ததில் 28,000 ரூபாய் கிடைத்தது; ஓடாதபோது 9,000க்கு மேல் யாரும் ஏறவில்லை.

கைகொடுத்தது, "போர்டைக் (விளையாட்டு ஓடும் சர்க்யூட் பலகை) குறை சொல்லும் முன் அதற்கு வரும் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள்" என்ற யோசனை. பவர் சப்ளையில் 5.0 காட்டியது, போர்டின் முனையிலோ 4.6தான். கடற்காற்றில், போர்டைப் பெட்டியின் வயர்களோடு இணைக்கும் 56 பின் ஜாமா கனெக்டர் பச்சை பூத்திருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்ததும் 4.95க்கு ஏறியது, பிறகுதான் பவர் சப்ளையில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பி 5.05ல் நிறுத்தினேன். துடைக்காமல் திருகை மட்டும் கூட்டினால் அரித்த பின் சூடேறிக் கருகும்.

திரையில் படம் சுருங்கித் தெரிந்த கோளாறும் இருந்தது; அதற்கு மானிட்டர் சேஸிஸின் (பிக்சர் டியூபை இயக்கும் சர்க்யூட்) கெபாசிட்டர்களை மாற்றியது போதும். பிளக்கைப் பிடுங்கினாலும் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும். ஆனோடை (டியூபின் உயர் வோல்ட் முனை) டிஸ்சார்ஜ் செய்யாமல், அதாவது தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றாமல், தொடாதீர்கள்.

எல்சிடி திரையும் 60 விளையாட்டுகள் அடங்கிய புது போர்டும் போடச் சொன்ன யோசனையை எடுக்காதது நல்லதாயிற்று. வாங்கியவர் அசல் போர்டுக்கும் டியூபுக்கும்தான் விலை கொடுத்தார்.

எதிர்பாராதது ஒன்று: அவர் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது அடிப்பலகையை. ஒரு மூலையில் கரையான் அரித்திருந்ததற்கு 2,000 குறைத்துவிட்டார்.