பத்மநாபபுரம் அரண்மனைச் செதுக்கல்களை ரவிக்கையில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி (நாகர்கோவில் தையலகம்): ஓணத்திற்கும் கல்யாணங்களுக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாடுகளைத் தழுவிய சில உடைகளை எங்கள் சிறிய பொட்டிக்கில் வடிவமைக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் (தக்கலைவாசி): அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள், அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரச் செதுக்கலின் அழகு நிறத்தில் அல்ல, நிழலில் இருப்பதால், பல வண்ண நூல்களைக் கொட்டாமல், துணியின் நிறத்திலேயே சற்று அடர்ந்த நூலால் ஆரி வேலை (கொக்கி ஊசிப் பூவேலை) செய்து, அதைக் கசவுக்கரை (பொன்னிழைக் கரை) நேரியல் என்ற மேலாடையோடு அணியச் செய்தால் பொருத்தமாக இருக்கும். முதுகு முழுவதும் பூவை நிரப்புவது (இப்போதைய மோகம் அதுதான்) எனக்கு உடன்பாடில்லை.

பதில் (வடசேரி நகைத்தொழிலாளி): சிவப்புக் கற்கள் பதித்த எங்கள் ஊர்க் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றை அணிவதானால் கழுத்துப் பகுதியை வெறுமையாக விடுங்கள்.

பதில் (தக்கலைவாசி): அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, விளம்பரப் படம் எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.