வேற்றுமை உருபுக்குச் சொல்மேகம்: வழி சொல்லுங்க

ஏழாம் வகுப்புக்கு வேற்றுமை நடத்த, தாமிரபரணி பற்றிய பத்தியைப் பைத்தான் மொழியின் வேர்ட்கிளவுட் நிரலில் போடுகிறோம்; அடிக்கடி வரும் சொல்லைப் பெரிசாகக் காட்டும் சொல்மேகப் படத்தை அது வரையும். புள்ளியும் துணைக்காலும் வருகிற இடத்தில் அது சொல்லை உடைத்துவிடும். சொற்களை நாமே எண்ணிப் பட்டியலாகக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

மாட்டுவது இரண்டு இடம். விண்டோஸில் 'கொ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, எழுத்துரு தமிழாக இருந்தும். படத்தில் எழுத்தை வரைகிற பில்லோ என்ற பைத்தான் நூலகத்துக்கு, எழுத்துகளைச் சரியாக அடுக்கத் தேவையான ஃப்ரிபிடி கோப்பு கிடைக்காததுதான் காரணம். அதை எந்த அடைவில் வைக்கணும்?

அடுத்தது இலக்கணம். ஆற்றை, ஆற்றில், ஆற்றுக்கு மூன்றும் தனித்தனியாகவே எண்ணப்படுவதால் எல்லாம் பொடிசாகத் தெரியுது. 'ஆறு', 'ஐ' என்று பிரித்தால் உருபு பெரிசாகும். ஆனால் றகரம் இரட்டிப்பது மறைஞ்சுபோகும். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது உருபுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா?