ஃபெரோசெல்லுக்கு எவ்வளவு தட்டையான கண்ணாடி வேண்டும்?

ஃபெரோசெல் (காந்தத்தின் மேல் வைத்தால் ஒளிக்கோடுகள் தெரியும் கண்ணாடி அடுக்கு) செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். இரண்டு 3 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடிகளுக்கு (சாதாரண ஜன்னல் கண்ணாடி) நடுவே ஃபெரோஃப்ளூயிட் (காந்த நுண்துகள்கள் கலந்த எண்ணெய்) படலம், சுற்றிலும் எல்ஈடி வளையம், அடியில் நியோடிமியம் காந்தம். வழக்கமான அமைப்புதான். வளைவுக் கோடுகள் அழகாக வருகின்றன. (அவை காந்தப்புலக் கோடுகளே அல்ல, சங்கிலியாகச் சேரும் நுண்துகள்கள் சிதறடிக்கும் ஒளி என்பது தெரியும். அந்தச் சண்டை இப்போது வேண்டாம்!)

மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்த்தால் நடுப்பகுதி கரும்பழுப்பு, ஒரு மூலை மட்டும் வெளிர்த் தேன் நிறம். அந்த மூலையில் கோடுகளும் மங்கிவிடுகின்றன. படலம் அங்கே மெலிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கண்ணாடிகளைத் துடைத்து, வெறுமனே ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சோடியம் விளக்கில் பார்த்தேன். குறுக்கீட்டுப் பட்டைகள் (இரு கண்ணாடிப் பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி சேர்ந்து உண்டாக்கும் வரிகள்) நேராக இல்லை, மூன்று நான்கு பட்டை அளவுக்கு வளைகின்றன. ஒரு பட்டைக்கு இடைவெளி அரை அலைநீளம் மாறுகிறது, அதாவது சுமார் 295 நானோமீட்டர். மொத்தம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். படலம் பத்து மைக்ரான் என்றே வைத்தாலும் பத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. அதற்கா இவ்வளவு நிற வித்தியாசம்? ஓரத்தில் மாட்டிய கிளிப்பே கண்ணாடியை வளைக்கிறதோ என்று சந்தேகம்.

கால் அலைநீளத் தட்டைமை (மேடுபள்ளம் ஒளியின் கால் அலைநீளத்துக்குள்) உள்ள ஆப்டிகல் கண்ணாடி வாங்கினால் பலன் இருக்குமா, இல்லை 6 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடியே போதுமா? விலை வித்தியாசம் தலைசுற்ற வைக்கிறது. அப்புறம், கிளிப் இல்லாமல் ஓரத்தை எதை வைத்து ஒட்டுகிறீர்கள்? எண்ணெயில் கரையாத பசை எதுவென்று சொன்னால் நல்லது.