ஸ்மார்ட் போர்டு வைத்து எம்.எட். ஆய்வு: இப்படிச் செய்தால் ஏதாவது தெரியவருமா?

வெண்ணாறு_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்கிற நேரம் வந்துவிட்டது. "எட்டாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் அடைவில் ஸ்மார்ட் போர்டின் தாக்கம்" என்று எழுதிக் கொடு, ஒரு பிரிவுக்கு போர்டில் நடத்து, இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல நடத்து, முன்தேர்வு பின்தேர்வு வைத்து, இரண்டு பிரிவின் சராசரி மார்க்கில் வரும் வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று பார்க்கிற டி-டெஸ்ட் போட்டால் வேலை முடிந்தது என்கிறார் கைடு. எம்.எட். சேர்வதற்கு முன்னால் நான் வேலை பார்த்த பள்ளி நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஹெச்.எம். அனுமதியும் கொடுத்துவிட்டார். ஏ பிரிவு இங்கிலீஷ் மீடியம், பி பிரிவு தமிழ் மீடியம், போர்டு இருப்பது ஏ பிரிவு அறையில்.

என் சந்தேகம் இதுதான். நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினால் இதே தலைப்பு வரிசையாக வருகிறது, வகுப்பும் பாடமும் மட்டும் மாறுகிறது, முடிவு எல்லாவற்றிலும் "குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது" என்றே இருக்கிறது. வகுப்பில் நான் கண்டது அப்படி இல்லை. ஒளியியல் பாடத்தில் குழி ஆடிக்கு ஒரு அனிமேஷன் போட்டேன், கதிர் வந்து பட்டு முக்கியக் குவியம் வழியாகத் திரும்பிப் போவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள், புரிந்ததா என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் வெள்ளைத்தாள் கொடுத்து, பொருளை வளைவு மையத்துக்கு அப்பால் வைத்தால் பிம்பம் எங்கே விழும் என்று வரையச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் கதிரைத் திருப்பவே இல்லை, ஆடியைத் துளைத்து அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள், ஏதோ லென்ஸ் வைத்த மாதிரி. அப்படியானால் அந்த அனிமேஷனால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? இதை உருப்படியாக ஆராய வழி இருக்கிறதா, இல்லை கைடு சொன்னபடி செய்துவிட்டுப் போவதுதான் ஒரே வழியா?

காவிரிக்கரை_வாத்தியார்:

டீச்சர், கும்பகோணத்தில் பி.எட். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம், அதை விட்டுவிடாதீர்கள்.

இந்தச் சண்டை 40 வருடத்துக்கு மேல் பழசு. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, கருவி என்பது பாடத்தைச் சுமந்துவரும் வண்டிதான், மளிகைச் சாமான் கொண்டுவருகிற லாரியால் நம் உடம்பின் சத்து கூடுவதில்லை, அதுபோலத்தான் இதுவும் என்று எழுதினார். கவனிக்க வேண்டியது அவர் அதற்குச் சொன்ன காரணங்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே ஆசிரியர் நடத்தினால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் கருவி வைத்த பாடத்தைத் தயாரித்தவர் அதற்காகக் கூடுதலாக உழைத்திருக்கிறார், மார்க் ஏறியது அந்த உழைப்பால். அப்புறம் புதுசு என்கிற ஆர்வம் வேறு, ஆய்வு நாலைந்து வாரத்தில் முடிந்தால் அது மார்க்கில் தெரியும், நீண்டுகொண்டே போனால் கரைந்துவிடும். நம் ஊர் ஆய்வேடுகள் பெரும்பாலும் அந்த நாலைந்து வாரத்துக்குள் முடிகிறவை, அதனால்தான் எல்லாவற்றிலும் ஒரே முடிவு வருகிறது.

உங்கள் பள்ளியில் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஏ பிரிவுப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அவர்கள் வீட்டு நிலைமை வேறு, டியூஷன் போகிறவர்கள் அந்தப் பிரிவில்தான் அதிகம் இருப்பார்கள். போர்டையே கழற்றி வைத்தாலும் இரண்டு பிரிவுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். டி-டெஸ்ட் கண்டுபிடிப்பது அந்த வித்தியாசத்தை, நாம் அதற்கு ஸ்மார்ட் போர்டு என்று பெயர் வைத்துவிடுவோம்.

போர்டு நல்லதா கெட்டதா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதே போர்டை, அதே அனிமேஷனை இரண்டு விதமாகப் பயன்படுத்தி ஒப்பிடுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூரும் கூட இருந்தவர்களும் இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளை இப்படித்தான் ஆராய்ந்தார்கள், 2004-ல் வந்த கட்டுரை. செய்துகாட்டியதைச் சும்மா உட்கார்ந்து பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் புரிந்துகொண்டுவிடவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெளிவு கூடியது. ஊகிப்பதற்கு ஆனது ஓரிரு நிமிடம்தான். உங்கள் பிள்ளைகள் தலையாட்டினார்களே, அந்தத் தலையாட்டலுக்கு விளக்கம் இதில் இருக்கிறது.

கடைமடை_கணக்கு:

வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் ஹைடெக் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்காருகிறார்கள், மௌஸ் எப்போதும் ஒரே பிள்ளையின் கையில். பக்கத்தில் இருக்கிறவன் திரையைப் பார்ப்பான், அவன் கிளிக் பண்ணுவதைப் பார்ப்பான், விடை சரி என்று பச்சை விளக்கு எரிந்தால் தானே போட்டதுபோலச் சிரிப்பான். அறிக்கையில் இரண்டு பேரும் "பயன்பெற்ற மாணவர்கள்". இதை எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை. நீங்கள் என்ன செய்தாலும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, யார் கை வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியை எதற்குப் பதிலாக வைக்கிறோம் என்பதையும் யாரும் கேட்பதில்லை. குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். அதே கணக்கு மென்பொருள்தான். ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தபோது பிள்ளைகளின் மார்க் 0.57 திட்ட விலக்கம் (மார்க் பிள்ளைக்குப் பிள்ளை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்து அளக்கிற அளவு) இறங்கியது. பள்ளி முடிந்தபின் கூடுதலாக வைத்தபோது 0.28 ஏறியது. பெருவில் ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்து 319 கிராமப்புறப் பள்ளிகளில் பார்த்தார்கள், 2012-ல் முடிவு வந்தது, கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. நம் அரசு 2011-லிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு லேப்டாப் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை, கல்லூரிக்குப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆனால் கையில் கொடுப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு.

பலன் தந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. 619 பிள்ளைகள், சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இடம். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் ஏறியது. கணக்கில் வந்ததை நம் பாஷையில் சொன்னால், 100 பேர் வரிசையில் நடுவே நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 14 பேரைத் தாண்டி முன்னே போவது. ஏன் ஏறியது? ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது, மென்பொருள் அந்தப் பிள்ளை உண்மையில் நிற்கிற இடத்திலிருந்து தொடங்கியது. நான் ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவை நடத்தும்போது கடைசி பெஞ்சில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை இருக்கிறான், அவனுக்கு என் பாடமும் எட்டாது, போர்டில் ஓடும் வீடியோவும் எட்டாது. ஒன்று மறக்காதீர்கள், அந்த டெல்லி மையத்தில் பாதி நேரம்தான் கம்ப்யூட்டர், மீதிப் பாதி ஒரு ஆசிரியரோடு சின்னக் குழுவாக உட்கார்ந்து படித்தார்கள்.

வலங்கைமான்_வாலண்டியர்:

சார், நான் ஆராய்ச்சி படித்தவள் இல்லை, இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான், அதையும் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், ராத்திரி திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பாடமெல்லாம் யார் பார்த்தார்கள்? கல்வித் தொலைக்காட்சி பரவாயில்லை, டிவி எல்லோர் வீட்டிலும் இருந்தது, ஆனால் புரியவில்லை என்றால் டிவியை நிறுத்திக் கேட்க முடியாது. அப்புறம் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னபோதுதான், யாருக்கு எழுத்தே மறந்துபோயிருக்கிறது என்று தெரிந்தது.

கடைமடை_கணக்கு:

அக்கா, நீங்கள் செய்த வேலையே ஆய்வில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பள்ளி மூடியிருந்ததால் விட்டுப்போனதில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள், அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனால் பலன் கூடுதல். வெண்ணாறு டீச்சர் இதை ஆய்வேட்டில் கட்டாயம் எழுத வேண்டும், தொழில்நுட்பத்தைப் பற்றிய ஆய்வு என்றால் மனுஷர் செய்ததோடு ஒப்பிட்டுப் பேசாமல் முடியாது.

மாயூரத்து_அக்கா:

எல்லோரும் சேர்ந்து கருவியை வெறும் வண்டியாக்கிவிட்டீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மயிலாடுதுறையில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். கண் தெரியாத ஒரு மாணவிக்கு திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தோம், 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத ஒருவர் உருவாக்கத் தொடங்கியது அது. தமிழை இயந்திரக் குரலில்தான் வாசிக்கிறது, நமக்குக் கேட்டால் காது வலிக்கும், அவள் அதை நாம் பேசுவதைவிட வேகமாக ஓடவிட்டுப் படிக்கிறாள். அதுவரை யாராவது வாசித்துக் காட்டினால்தான் பாடம், வாசிக்க ஆள் வராத நாள் அவளுக்குப் படிப்பில்லாத நாள். இங்கே கருவி இல்லாவிட்டால் பாடமே இல்லை. கிளார்க்குக்கு மறுப்பாக ராபர்ட் கோஸ்மா 1991-லும் 1994-லும் எழுதியதையும் படியுங்கள் டீச்சர், ஒவ்வொரு ஊடகத்துக்கும் அதனால் மட்டுமே செய்ய முடிகிற சில காரியங்கள் உண்டு என்பது அவர் வாதம். குழி ஆடியில் பொருளை நகர்த்த நகர்த்தப் பிம்பமும் நகர்வதைக் கரும்பலகையில் காட்டுங்கள் பார்ப்போம்.

காவிரிக்கரை_வாத்தியார்:

மாயூரத்து மேடம் சொல்வது நியாயம், கோஸ்மாவை நானும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையே பொருளை நகர்த்திப் பார்ப்பதும், ஆசிரியர் நகர்த்துவதைப் பிள்ளை பார்ப்பதும் ஒன்றல்ல, அதையும் கணக்கில் எடுங்கள்.

வெண்ணாறு_டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அப்படியென்றால் தமிழ் மீடியம் பி பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிக்கிறேன். ஒரு குழு அனிமேஷனை முழுதாகப் பார்க்கட்டும், இன்னொரு குழுவுக்குப் பாதியில் நிறுத்தி, கதிர் எப்படிப் போகும் என்று ஸ்கேல் வைத்துத் தாளில் வரையச் சொல்லிவிட்டு மீதியைக் காட்டுகிறேன். அடுத்த பாடத்தில் குழுவை மாற்றிவிடுகிறேன். இது சரியா? கைடு ஒத்துக்கொள்வாரா என்பதுதான் பயம். இன்னொன்று, இப்போது பிள்ளைகள் வீட்டுப்பாடத்தையே போனில் ஏஐயிடம் கேட்டு எழுதிவருகிறார்கள், அதைச் சேர்க்கலாமா?

காவிரிக்கரை_வாத்தியார்:

சரியான திட்டம். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். வரைகிற குழுவுக்குக் கூடுதல் நிமிடம் ஆகும், பார்க்கிற குழுவுக்கும் அதே நேரம் கொடுங்கள், அவர்கள் இரண்டாம் தடவை பார்க்கட்டும், இல்லாவிட்டால் நேரத்தால் வந்த பலனா வரைந்ததால் வந்த பலனா என்று வைவாவில் கேட்பார்கள். தேர்வு திரை இல்லாமல், வெறும் தாளில், அனிமேஷனில் காட்டாத ஒரு இடத்தில் பொருளை வைத்துக் கேளுங்கள். மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் இன்னொரு தடவை வையுங்கள், உண்மை அதில்தான் தெரியும். விடைத்தாளில் பெயரை மறைத்து வேறு ஆசிரியரிடம் திருத்தக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறையிலும் படிப்பதால் அதன் மார்க்கை அதன் மார்க்கோடே ஒப்பிடலாம், அதற்கு இணை டி-டெஸ்ட், அதனால் கைடு கேட்ட டி-டெஸ்டும் வந்துவிடுகிறது. தலைப்பில் "ஸ்மார்ட் போர்டு" என்ற சொல் இருக்கட்டும், அவருக்கும் மறுப்பு இருக்காது.

ஏஐயை இதில் சேர்க்காதீர்கள், ஆய்வு கைக்கு அடங்காமல் போய்விடும். பின்னணியில் ஒரு பத்தி எழுதலாம். துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த கணக்கு ஆய்வு 2025-ல் வெளியானது. சாதாரண சாட்பாட் கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்கில் 48 சதவீதம் கூடுதலாக வாங்கியவர்கள், அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததும், அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றிய சாட்பாட்டில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. அதே தொழில்நுட்பம், பயன்படுத்திய விதம் வேறு, உங்கள் ஆய்வின் கேள்வியும் அதுதானே.

கடைமடை_கணக்கு:

ஒரு ஓட்டை இருக்கிறது டீச்சர். முதல் பாடத்தில் வரைந்து பழகிய பிள்ளை, அடுத்த பாடத்தில் சும்மா பார்க்கச் சொன்னாலும் மனசுக்குள் ஊகித்துக்கொண்டேதான் பார்ப்பான், பழக்கம் போகாது. அதனால் முதல் பாடத்து மார்க்கைத் தனியாகவும் ஒப்பிட்டு எழுதுங்கள். ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், மழை பிடித்துக்கொண்டால் எந்த நாள் லீவு என்று கலெக்டர் அறிவிக்கும்வரை யாருக்கும் தெரியாது, உங்கள் மூன்று வார இடைவெளி ஆறு வாரமாகிவிடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஹெச்.எம்.மிடம் இப்போதே பேசி, யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெற்றோர் கையெழுத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்றே வாங்கிவிடுங்கள், அன்றைக்குத்தான் நிறையப் பேர் வருவார்கள்.

மாயூரத்து_அக்கா:

வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் எந்தக் குழுவில் சீட்டு விழுந்தாலும் முன்வரிசையில் உட்காரவைத்து, கதிர்ப்படத்தைத் தடித்த கோட்டில் பெரிதாக அச்செடுத்துக் கையில் கொடுங்கள். நூல் ஒட்டிய அட்டையில் செய்த குழி ஆடிப் படம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், நீடாமங்கலம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.